பின்பாரம் இல்லாத வண்டி

எங்கள் வீட்டுக் கணக்கு நோட்டில் மளிகை, பால், கேஸ், கரண்ட், பள்ளிக்கூடச் சம்பளம் என்று பத்தி பிரித்து எழுதுவேன். அவற்றோடு ‘வண்டி’ என்றும் ஒரு பத்தி உண்டு. டீசல், சுங்கம், பஞ்சர், கிரீஸ் எல்லாம் அதில் வரும். மாதர் பத்திரிகை படிக்கும் சகோதரிகளுக்கு இது விநோதமாகத் தோன்றலாம். ஆனால் திருவள்ளூர், பெரியபாளையம், கவரப்பேட்டைப் பக்கம் வந்து பாருங்கள். தெருவுக்கு இரண்டு வீட்டு வாசலிலாவது ஒரு பிக்கப் வண்டியோ, ‘குட்டி யானை’ என்று எல்லோரும் செல்லமாகக் கூப்பிடுகிற சின்ன லோடு வண்டியோ நிற்கும். அந்த வண்டியின் மாதத் தவணையைக் கட்டிவிட்டுத்தான் அந்த வீட்டுப் பெண்மணி அரிசி வாங்குவதைப் பற்றி யோசிப்பாள். வண்டிக்கு ஜலதோஷம் பிடித்தால் வீட்டுக்கே காய்ச்சல் வரும்.

எங்களுக்குக் காய்கறி வியாபாரம். விடியுமுன் திருவள்ளூரில் காய் ஏற்றி, கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் நாலைந்து கான்டீன்களுக்குப் போட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். கொள்முதல் என் வீட்டுக்காரர். வண்டி ஓட்டுவது மூத்த பிள்ளை. கணக்கும் வசூலும் என் பொறுப்பு. ஆகவே வாரத்தில் மூன்று நாள் நானும் முன் சீட்டில் தூக்குவாளியும் ரசீதுப் புத்தகமுமாக உட்கார்ந்து விடுவேன். தாமரைப்பாக்கம் கூட்டு ரோடு, பெரியபாளையம், ஜனப்பன்சத்திரம் என்று போய்க் கல்கத்தா ரோட்டைப் பிடிப்போம். பெரியவர்கள் இன்னும் ஜி.என்.டி. ரோடு என்பார்கள். எங்கள் காலத்தில் என்.எச். 5. 2010-ல் நம்பரெல்லாம் மாற்றியபோது அது 16 ஆயிற்று. எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் ராத்திரி பகல் பாராமல் லாரி ஓடுகிற ரோடு அது.

இந்த வண்டியில் ஒரு விசித்திரத்தை நான் வெகு நாளாகக் கவனித்து வந்தேன். போகும்போது எவ்வளவு மழை பெய்தாலும் சாதுவாகப் போகும். வெங்காயமும் உருளைக்கிழங்கும் பூசணியுமாக ஒரு டன்னுக்கு மேல் முதுகில் இருக்கும், ஆனால் ஒரு ஆட்டம் அசைவு இருக்காது. காயை இறக்கிவிட்டு, வெறும் கோணிப்பைகளும் பிளாஸ்டிக் கிரேட்டுகளுமாகத் திரும்பும்போதுதான் அதற்குத் துள்ளல் வரும். ஈர ரோட்டில் நின்று கிளம்பும்போது பின்னாலிருந்து ‘விர்ர்’ரென்று ஒரு சத்தம். சக்கரம் சுற்றும், வண்டி நகராது. பிறகு சட்டென்று பிடித்துக்கொண்டு ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு பாயும்.

“பாரமா இருக்கும்போது ஒழுங்கா போவுது, காலியா இருக்கும்போது வழுக்குது. இது என்னடா கூத்து? பாரம் இல்லேன்னா சுலபமா இல்ல போவணும்?” என்று கேட்டேன்.

“எல்லா பிக்கப்பும் அப்படித்தாம்மா. பின்னாடி வால் ஆட்டும்” என்றான் பிள்ளை. ஏதோ நாய்க்குட்டியைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னான்.

போன வருஷம் ஐப்பசியில் ஒரு நாள் ஜனப்பன்சத்திரம் கூட்டு ரோட்டில் பெரியபாளையம் பக்கம் திரும்புவதற்காக நின்றிருந்தோம். அதற்கு முன்பு நாலு நாள் நல்ல வெயில்; அன்றைக்கு அரை மணி நேரமாகத்தான் தூறல். பின்னால் ஒரு தண்ணீர் லாரிக்காரர் ஹாரனை விடாமல் அமுக்குகிறார். வழி கிடைத்ததும் பிள்ளை ஆக்ஸிலேட்டரை மிதித்தான். முன்பக்கம் வலது புறம் திரும்பிற்று. பின்பக்கம் தன் பாட்டுக்கு இடது புறம் போயிற்று. என் பக்கத்துக் கண்ணாடியில் பார்க்கிறேன், ஒரு பெண் ஸ்கூட்டரில், முன்னால் நிற்க வைத்த குழந்தையோடு. வண்டியின் பின் மூலை அந்தக் குழந்தையின் முகத்துக்கு நேராக வந்து, ஒரு முழம் இருக்கும்போது நின்றது. அந்தப் பெண் கத்தவில்லை, திட்டவில்லை. குழந்தையின் தலையில் கையை வைத்து அப்படியே அழுத்திக்கொண்டாள். அந்தக் கை இன்னும் எனக்குக் கண்ணிலேயே நிற்கிறது. அன்று ராத்திரி பிள்ளை சாப்பிடவில்லை. எனக்கும் உள்ளே இறங்கவில்லை.

மறுநாள் எங்கள் தெருக்கோடியில் இருக்கிற மெக்கானிக் பெரியவரிடம் நானே போனேன். பிள்ளையை அனுப்பினால் அவனுக்குப் புரிந்ததை மட்டும் வந்து சொல்வான். பெரியவர் கையைத் துடைத்துக்கொண்டு, “யம்மா, இஞ்சின் எங்க கீது? முன்னாடி. டிரைவர் எங்க குந்தறான்? முன்னாடி. ஆனா வண்டியத் தள்றது எந்த வீலு? பின்னாடி வீலு. காலி வண்டில அதும்மேல என்னா வெயிட்டு கீது, சொல்லு?” என்றார்.

எனக்கு அந்தக் கணமே அரிவாள்மனை ஞாபகம் வந்தது. காய் நறுக்கும்போது அரிவாள்மனைப் பலகையைக் காலால் அழுத்திக்கொண்டுதானே உட்காருகிறோம்? காலை லேசாக வைத்துக்கொண்டு பூசணிக்காயை அழுத்தினால் பலகை வழுக்கிக்கொண்டு போகும். தரை ஈரமாக இருந்தால் கேட்கவே வேண்டாம். அழுத்துகிற பாரம் எவ்வளவோ அவ்வளவுதான் பிடிப்பு. சக்கரத்துக்கும் அதே கதைதான். ஒரு சக்கரம் ரோட்டைப் பிடித்துத் தள்ளக்கூடிய பலம், அதன் மேல் இருக்கிற எடையைப் பொறுத்தது. காலி பிக்கப்பில் எடையில் பாதிக்கு மேல் முன் சக்கரத்தின் மேல் இருக்கிறது. உழைக்க வேண்டிய பின் சக்கரத்துக்கு மிச்சம்தான். காய்ந்த தார் ரோட்டில் அந்த மிச்சமே போதும். ரோடு நனைந்தால் பிடிப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடும். டீசல் இஞ்சினுக்கோ ஒரு டன்னை இழுப்பதற்கான முரட்டு பலம், அதுவும் முதல் கியரில் பலமடங்காகி வருகிறது. ரோடு தாங்கக்கூடியதை விட அதிகமாகத் தள்ளினால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றுகிறது. இப்போது வருகிற கார்களில் பெரும்பாலானவற்றில் இஞ்சினுக்குக் கீழேயே இருக்கிற முன் சக்கரம்தான் வண்டியை இழுக்கிறது. அதனால் அவற்றுக்கு இந்தத் தொல்லை குறைவு.

இன்னும் இரண்டு விஷயம் சொன்னார். பின்னால் இருக்கும் கமான் பட்டைகள் முழு பாரத்தைத் தாங்குவதற்கென்று விறைப்பாகச் செய்தவை. காலியாக இருக்கும்போது அவை வளைந்து கொடுக்காது. சின்னப் பள்ளத்தில் ஏறி இறங்கினாலும் சக்கரம் ஒரு கணம் தரையை விட்டுத் துள்ளும், அந்தக் கணத்தில் பிடிப்பு பூஜ்யம். மற்றொன்று, இரண்டு பின் சக்கரத்துக்கும் நடுவே டிஃபரன்ஷியல் என்று ஒரு உருண்டை தொங்குகிறது பாருங்கள், வளைவில் இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்றுவதற்காக வைத்தது. அது மகா நியாயவாதி. இரண்டு பக்கத்துக்கும் சமமாகத்தான் பலத்தைப் பங்கிடும். இடது சக்கரம் சேற்றில் இறங்கி வழுக்கினால் அதற்கு எவ்வளவு குறைந்த பலம் போகிறதோ, கெட்டித் தரையில் இருக்கும் வலது சக்கரத்துக்கும் அவ்வளவே. ஒன்று சுற்றும், மற்றது சும்மா நிற்கும். மழைக்காலத்தில் ரோட்டோரம் மண்ணில் ஒரு பக்கம் இறக்கி நிறுத்திவிட்டு, கிளம்ப முடியாமல் ஆள் வைத்துத் தள்ளுகிறார்களே, அதன் ரகசியம் இதுதான்.

எங்கள் பக்கத்து ரோட்டைப் பற்றியும் சொல்லாமல் விடக்கூடாது. பெரியபாளையம், ஊத்துக்கோட்டை வட்டாரத்தில் செங்கல் சூளைகள் ஏராளம். சூளைக்குக் களிமண் ஏற்றிப் போகும் டிராக்டர்களின் சக்கரத்தில் ஒட்டிய மண் ரோட்டில் உதிர்ந்துகொண்டே போகும். தொழிற்பேட்டைப் பக்கம் வந்தால் லாரிகள் சொட்டுகிற டீசலும் ஆயிலும், டயர் தேய்ந்த பொடியும், தூசியும். வெயில் நாளில் இதெல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் படிந்து கிடக்கும். முதல் தூறல் விழுந்ததும் எல்லாம் குழைந்து கஞ்சி பதத்துக்கு வந்துவிடும். கொட்டோ கொட்டென்று இரண்டு மணி நேரம் பெய்துவிட்டால் அதுவே கழுவிக்கொண்டு போய்விடுகிறது. ஆகவே பெரிய மழையை விடக் கோடைக்குப் பின் வருகிற முதல் அரை மணித் தூறல்தான் பொல்லாதது. நாங்கள் ஜனப்பன்சத்திரத்தில் மாட்டிக்கொண்டதும் அப்படிப்பட்ட தூறலில்தான். இவை தவிர ரோட்டில் பூசிய வெள்ளைப் பட்டை, வேகத்தடை மேல் அடித்த பெயின்ட், பாலத்து இணைப்பில் பதித்த இரும்பு, சாக்கடை மூடி, இதெல்லாம் நனைந்தால் சோப்புதான். தாமரைப்பாக்கத்தில் கொசஸ்தலை ஆறு, பிறகு ஆரணி ஆறு என்று வழியில் இரண்டு ஆறுகளைத் தாண்ட வேண்டும். பாலம் ஏறும்போது ஆக்ஸிலேட்டரைக் கூட்டாதே என்று பிள்ளைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஓட்டுகிற பக்குவத்தைப் பெரியவர் அவனைக் கூட்டி வைத்துச் சொல்லிக் கொடுத்தார். எனக்குக் கேட்டதை எனக்குப் புரிந்த பாஷையில் சொல்கிறேன். காலி வண்டி, ஈர ரோடு, மேடு இல்லை என்றால் இரண்டாவது கியரிலேயே கிளப்பலாம். முதல் கியரின் முரட்டுத்தனம் சக்கரத்துக்குப் போகாது. ஆக்ஸிலேட்டர் என்பது கேஸ் அடுப்புத் திருகு மாதிரி. பால் காய்ச்சுவது போல் சிம்மில் ஆரம்பித்து மெதுவாகத் திருப்ப வேண்டும். எல்லோரும் செய்வது என்னவென்றால், சக்கரம் சுற்ற ஆரம்பித்ததும் “ஏறிடும், ஏறிடும்” என்று இன்னும் மிதிப்பது. சுற்றுகிற சக்கரத்துக்கு, பிடித்து உருளுகிற சக்கரத்தை விடப் பிடிப்பு குறைவு. காலை எடுத்தால்தான் அது மறுபடி ரோட்டைப் பிடிக்கும். பின்பக்கம் ஒரு புறமாகப் போக ஆரம்பித்துவிட்டால் பிரேக்கை ஓங்கி மிதிக்கக்கூடாது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலைப் பதற்றமில்லாமல் தளர்த்தி, பின்பக்கம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே ஸ்டியரிங்கைச் சற்றுத் திருப்ப வேண்டும். வண்டி நேரானதும் ஸ்டியரிங்கும் நேராக வேண்டும். படிக்கச் சுலபம். ஹாரன் அடிக்கிற லாரியைப் பின்னால் வைத்துக்கொண்டு செய்வது கஷ்டம். புது வண்டிகள் சிலவற்றில் சக்கரம் சுற்றுவதைத் தானே கண்டுபிடித்து இஞ்சின் பலத்தைக் குறைக்கும் ஏற்பாடு இருக்கிறதாம். எங்கள் வண்டிக்கு இன்னும் இரண்டு வருஷத் தவணை பாக்கி. அதுவரை எங்கள் பையனின் கால்தான் அந்த ஏற்பாடு.

நிற்க. காலும் பாரமும் சரியாக இருந்தாலும் டயர் மொட்டையாக இருந்தால் பயன் இல்லை. இங்கேதான் என் கணக்கு நோட்டு வருகிறது.

டயரில் இருக்கும் வரி வரியான பள்ளங்கள் அழகுக்கு வைத்தவை அல்ல. சக்கரத்துக்கும் ரோட்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட தண்ணீர் ஓடிப் போவதற்கான வாய்க்கால்கள் அவை. பள்ளம் தேய்ந்துவிட்டால் தண்ணீர் போக இடமின்றிச் சக்கரத்தின் அடியிலேயே தங்கிவிடும். வேகம் அதிகமானால் சக்கரம் ரோட்டைத் தொடாமல் தண்ணீர்ப் படலத்தின் மேல் மிதக்கவே ஆரம்பித்துவிடுகிறது. அமெரிக்காவில் விண்வெளி ஆராய்ச்சி செய்கிற நாஸாக்காரர்கள் 1960-களில் விமானச் சக்கரங்களுக்காக இதை ஆராய்ந்து ஒரு கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்குப்படி 30 பவுண்டு காற்று அடித்த சக்கரம், தேங்கிய நீரில் மணிக்கு சுமார் 90 கிலோமீட்டர் வேகத்தில் மிதக்கத் தொடங்கும். காற்று குறையக் குறைய அந்த வேகமும் குறையும். நம் நாட்டு மோட்டார் வாகன விதிப்படி கார், லோடு வண்டிகளுக்குப் பள்ளத்தின் ஆழம் குறைந்தது 1.6 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். அளந்து பார்க்க ஸ்கேல் வேண்டாம். பள்ளத்துக்குள் அங்கங்கே சின்னத் திட்டுகள் விட்டிருப்பார்கள். டயரின் ஓரத்தில் ஒரு முக்கோணமோ ‘டி.டபிள்யூ.ஐ.’ என்ற எழுத்தோ அந்த இடத்தைக் காட்டும். மேல் ரப்பர் அந்தத் திட்டு மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரின் ஆயுசு முடிந்தது. பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்றும் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருஷத்தின் 23-வது வாரம் செய்தது என்று அர்த்தம். மருந்துப் பாட்டிலில் தேதி பார்த்து வாங்குகிற நாம் இதையும் பார்த்து வாங்கலாம்.

எங்கள் வண்டியின் பின் டயர்களைக் குனிந்து பார்த்தேன். திட்டுக்கும் ரப்பருக்கும் வித்தியாசம் விரல் நுனியால் தடவினால் மட்டுமே தெரிந்தது.

“இன்னும் ரெண்டு மாசம் ஓடும்” என்றார் என் வீட்டுக்காரர். தை மாதம் வரை என்று அர்த்தம். அதாவது மழைக்காலம் முழுவதும்! சின்னவளின் பள்ளிக்கூடச் சம்பளத்துக்கு இரண்டாம் தவணை கட்ட வேண்டிய சமயம் அது. ஒரு ஜோடி டயர் 15,000 ரூபாய்க்குக் கிட்டே வரும். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. “கத்தி வெச்சுப் பள்ளம் கீறிக் குடுக்கறாங்க, 500 ரூபாய் கூட ஆவாது. நீதானே சொன்னே, பள்ளம் இருந்தாப் போதும்னு?” என்றார்.

வழவழப்பாகிவிட்ட அம்மியைக் கொத்துக்காரரிடம் கொடுத்துக் கொத்தி வாங்குவது போலத்தான் அவருக்கு அது தோன்றியிருக்கிறது. அம்மிக்கல் அரை அடி கனம், ஐம்பது தடவை கொத்தலாம். தேய்ந்த டயரில் ரப்பர் எங்கே இருக்கிறது? இன்னும் கீறினால் உள்ளே இருக்கும் நூலும் கம்பியும்தான் வரும். நூறு பேர் கான்டீன் சாப்பாட்டுக்குப் பாரம் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போகும்போது அது வெடித்தால்? நான் வேண்டாம் என்றேன். தேர்வாய் கண்டிகை சிப்காட்டில் பிரெஞ்சுக்காரர்களின் மிச்சலின் கம்பெனி லாரி டயர் செய்கிறது. எங்கள் கும்மிடிப்பூண்டி தாலுகாதான். டயர் விளைகிற ஊரில் மொட்டை டயரோடு ஓட்டுவதா என்று கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சீட்டுப் பணத்தை முன்னதாக எடுத்து, கொஞ்சம் தள்ளுபடி போனாலும் பரவாயில்லை என்று, பின் டயர் இரண்டும் புதிதாகப் போட்டோம். பள்ளிக்கூடத்தில் நானே போய்க் கேட்டு இருபது நாள் தவணை வாங்கி வந்தேன். கேட்க வெட்கமாகத்தான் இருந்தது. கொடுத்தார்கள்.

காற்று விஷயமும் உண்டு. முழு பாரத்துக்கு ஒரு அளவு, காலி வண்டிக்கு ஒரு அளவு என்று வண்டிக்காரர்களே புத்தகத்தில் போட்டிருக்கிறார்கள். பாரத்துக்கென்று அடித்த காற்றோடு காலியாகத் திரும்பினால் டயர் ஊதிய பலூன் மாதிரி நடுப்பகுதியில் மட்டும்தான் ரோட்டைத் தொடும். அதற்காகத் தினம் இறக்கி ஏற்றிக்கொண்டிருக்க யாருக்குச் சாவகாசம்? வண்டி காலியாக நாள் முழுதும் ஓடப்போகிறது என்றால் மட்டும் புத்தகத்தில் உள்ள அளவுக்குக் குறைக்கிறோம். வாரம் ஒரு தரம் விடிகாலையில், டயர் சூடாகுமுன், அளந்து பார்ப்பதை மட்டும் விடுவதில்லை.

கடைசியாக, பின்பாரம். இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

எடை இல்லாததுதானே நோய்? எடை வைத்துவிட்டால் தீர்ந்தது. பெரியவர் மணல் மூட்டை போடச் சொன்னார். எங்கள் வண்டியில் மூட்டை தூக்குகிற பையன் புத்திசாலி. அவன் பிள்ளையின் காதில் வேறு யோசனை ஓதினான். “மணலு எதுக்குண்ணா? கும்மிடிப்பூண்டில ஷிப்டு வுட்டு பொம்பளைங்க நிப்பாங்க. பத்துப் பேர ஏத்திக்கிட்டா வெயிட்டும் ஆச்சு, தலைக்கு இருபது ரூவா காசும் ஆச்சு.”

கணக்குப் பார்த்தால் அவன் சொல்வது சரிதான். பத்துப் பெண்கள் என்றால் ஐந்நூறு கிலோ. சக்கரம் கம்மென்று ரோட்டைப் பிடித்துக்கொள்ளும். எங்கள் பக்கம் இது ஒன்றும் புதுமையும் இல்லை. ஆடி மாதம் பெரியபாளையத்து பவானி அம்மனுக்குப் பொங்கல் வைக்கவும் வேப்பஞ்சேலை கட்டவும் குடும்பம் குடும்பமாக லோடு வண்டியில் நின்றுகொண்டு வருவார்கள். பாத்திரம், ஆடு, கோழி, பாட்டி, கைக்குழந்தை எல்லாம் ஒரே தட்டில். வயலுக்கு நாற்று நடப் போகிறவர்களும் காதுகுத்துக்குப் போகிறவர்களும் அப்படியே. எங்கள் கல்யாணத்துக்கே பெண் வீட்டார் லாரியில்தான் வந்தார்கள்.

ஆனால் பாரம் என்று மனுஷர்களை ஏற்றினால் அந்தப் பாரத்தை எதில் கட்டி வைப்பது? மூட்டையைக் கயிறு போட்டு இறுக்கலாம். நிற்கிற பெண் எதைப் பிடித்துக்கொள்வாள்? வண்டி ஒரு வெட்டு வெட்டினால் பத்துப் பேரும் ஒரே பக்கம் சாய்வார்கள். பாரமே சாய்ந்தால் வண்டியும் அந்தப் பக்கம்தான் கவிழும். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது சட்டத்துக்கும் விரோதம். அது மட்டுமில்லை. 2002-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது: சரக்கு வண்டியில் சும்மா ஏற்றிக்கொண்டு போகிற பயணிக்கு விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி ஈடு கொடுக்கக் கடமைப்பட்டதல்ல. 1994-ல் திருத்திய சட்டப்படி சரக்குக்கு உரியவருக்கும் அவருடைய பிரதிநிதிக்கும்தான் அந்தப் பாதுகாப்பு. கருணைப்பட்டு ஏற்றிக்கொண்டவளுக்குக் கை கால் போனால் அவள் குடும்பத்துக்கு யார் கொடுப்பார்கள்? வண்டிச் சொந்தக்காரர்தான். எங்களிடம் என்ன இருக்கிறது கொடுக்க?

இப்படி நியாயமெல்லாம் பேசிவிட்டேன். அடுத்த வாரமே சோதனை வந்தது. வசூல் நாள், திரும்ப இரண்டரை மணி ஆகிவிட்டது. நல்ல மழை. சிப்காட்டை விட்டு வெளியே வருகிற இடத்தில் ஏழெட்டுப் பெண்கள், தலையில் பிளாஸ்டிக் கவரைக் கவிழ்த்துக்கொண்டு நிற்கிறார்கள். கம்பெனி பஸ் விடுகிற இடங்களும் உண்டு. காண்டிராக்டில் வருகிறவர்கள் எல்லோருக்கும் அது கிடைப்பதில்லை. 2021-லிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று வந்தது பெரிய உபகாரம்தான். ஆனால் பஸ் வந்தால்தானே ஏற முடியும்? எங்கள் வண்டியைப் பார்த்ததும் கையைக் காட்டினார்கள்.

பிள்ளை என் முகத்தைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன். மெதுவாகத்தான் போனோம். ஒரு அம்மாள், என் வயசிருக்கும், ஜன்னலோடு கூடவே நாலடி நடந்து வந்தாள்.

“யக்கா, கவரப்பேட்ட வரிக்கும்தான். பின்னாடி காலியாத்தானே கீது?”

“வேணாம்மா. வழுக்குது. வுழுந்துட்டா யாரு பதில் சொல்றது?”

“உங்க கத்திரிக்காய்க்கு எடம் கீது, எங்களுக்கு இல்லியா?” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நின்றுவிட்டாள்.

கத்திரிக்காய் விழுந்தால் பொறுக்கிக்கொள்ளலாம் என்று நான் சொல்லியிருக்கலாம். மழையில் நிற்கிறவளிடம் வாய் வரவில்லை. கவரப்பேட்டை வரை நானும் பிள்ளையும் பேசிக்கொள்ளவில்லை. நான் செய்தது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன், ஆனாலும் அந்த வழியைத் தாண்டும்போதெல்லாம் உறுத்தத்தான் செய்கிறது. காய் போடுகிற கான்டீன் ஒன்றின் மேனேஜரிடம் மறுவாரம் விஷயத்தைச் சொன்னேன். “அது காண்டிராக்டர் பார்க்க வேண்டியதும்மா” என்றார். காண்டிராக்டரைக் கண்டுபிடித்துக் கேட்டேன். பார்க்கலாம் என்றார். மறுபடியும் கேட்பேன். காய்க்காரி என்றால் வாசலில் நிறுத்திப் பேச மாட்டார்கள், உள்ளே விட்டாக வேண்டும். அந்த சௌகரியம் எனக்கு இருக்கிறது.

மூட்டை விஷயத்துக்கு வருகிறேன். பழைய அரிசிச் சாக்கை ஒன்றுக்குள் ஒன்றாக இரட்டையாகப் போட்டு, நாற்பது கிலோ அளவுக்கு மணலை நிரப்பி, கோணி ஊசியால் வாயை நெருக்கமாகத் தைத்தேன். மொத்தம் நாலு மூட்டை. முழுக்க நிரப்பாமல் கொஞ்சம் தளர்வாக விட்டால் தட்டில் படிந்து உட்காரும், உருளாது. வைக்கிற இடம் முக்கியம். பின் கதவோரம் வைத்தால் பின்பக்கம் அமுங்கி முன்பக்கம் லேசாகிவிடும், ஸ்டியரிங் கைக்கு அடங்காது. சரியாகப் பின் அச்சுக்கு மேலே, சக்கரங்களின் நேருக்கு வைத்து, இரு பக்கக் கொக்கியிலும் கயிறு போட்டு இறுக்க வேண்டும். கட்டாத மூட்டை பிரேக் போட்டால் முன்னால் பாய்ந்து வரும். போகும்போது காய் பாரம் இருப்பதால் மூட்டை வேண்டாம். அதுவும் சேர்ந்தால் அளவுக்கு மீறிய எடை. ஆகவே தெரிந்த கான்டீன் ஒன்றில் கொட்டகை ஓரமாக மூட்டைகளைப் போட்டு வைத்திருக்கிறோம். காயை இறக்கியதும் அங்கேயே ஏற்றிக்கொள்கிறோம், மறுநாள் காயோடு வருகிற வண்டிக்கு அவற்றை எப்படித் திருப்பிக் கொண்டு போவது என்று கேட்பீர்கள். அதற்காக இன்னொரு நாலு மூட்டை தைத்தேன். ஒரு ஜோடி நாலு அங்கே, ஒரு ஜோடி நாலு இங்கே. பாரம் கம்மியாக உள்ள நாள் பார்த்து இங்கே சேர்ந்ததை அங்கே கொண்டு போய்ப் போட்டுவிடுவோம்.

மூட்டை போட்ட பிறகு ‘விர்ர்’ சத்தம் வெகுவாகக் குறைந்துவிட்டது. அடியோடு போய்விடவில்லை. மணல் ஈரமானால் கனம் கூடுவது நல்லதுதான், ஆனால் சாக்கு இற்றுப் போகிறது. இந்த வருஷம் மழைக்கு முன் தார்ப்பாய்த் துணியில் தைக்கலாம் என்று மண்டித் தெருவில் துணி விசாரித்திருக்கிறேன். மீட்டர் என்ன விலை என்று கேட்டுக்கொண்டு வா என்று இன்று காலையும் பிள்ளையிடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.